ஐம்பது கிலோ உருளை

எங்கள் அண்ணியை வாயில்லாப்பூச்சி என்று நினைத்தவர்கள் தையல் கம்பெனியில் நிறையப் பேர். மேலாளரும் அப்படித்தான் நினைத்தார். நன்றாக ஏமாந்தார்.

பதினோரு வருடமாக அண்ணி தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கிறாள். இரண்டு மெஷின் தள்ளி நான் பொத்தான் தைக்கிறேன். சட்டையில் கை கோணலாக இருந்தால் தூரத்திலிருந்தே சொல்லிவிடுவாள். சூப்பர்வைசர்கள் ஆறு பேரும் ஆண்கள். ஒரு சந்தேகம் என்றால் அவளிடம்தான் ஓடி வருவார்கள், கேட்டுக்கொண்டு போய்த் தங்கள் யோசனை மாதிரி மேலே சொல்வார்கள்.

இன்னொரு சூப்பர்வைசர் வேண்டும் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். அண்ணி மனுக் கொடுத்த மறுநாளே நோட்டீஸில் புதிதாக ஒரு வரி முளைத்தது. ஐம்பது கிலோ துணி உருளையைத் தனியாளாகத் தூக்க வேண்டுமாம். அதைத் தள்ளிக்கொண்டு போகத்தான் வண்டி இருக்கிறதே! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எல்லோர் முன்னாலும் உருளையைக் கொண்டுவந்து போட்டார்கள். முதலில் இந்த ஆறு பேரும் தூக்கட்டும் என்றாள் அண்ணி. மேலாளர் சிரித்துக்கொண்டே கூப்பிட்டார். முதல் ஆள் முழங்கால் வரை கொண்டுவந்து போட்டுவிட்டார். அடுத்தவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மற்ற நால்வருக்கும் திடீரென்று அவசர வேலை வந்துவிட்டது.

சிரிப்பு போன முகத்தோடு, இனி அவளுடைய முறை என்றார் மேலாளர்.

"எங்க மாமனார் அறுபது கிலோ சார். நாலு வருஷம் படுத்த படுக்கையா கிடந்தாரு. தினம் கட்டில்லேருந்து குளியலறைக்கு நான்தான் தூக்கிட்டுப் போனேன். உன்னால முடியுமான்னு அப்ப ஒருத்தரும் கேக்கலை."

அந்த மாமனார் என் அப்பா. அண்ணனும் நானும் ஒருநாள்கூடக் கை கொடுக்கவில்லை. வெட்கத்தில் நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

நிமிர்ந்தபோது உருளை அவள் தோளில் இருந்தது. நிதானமாக நடந்துபோய் மேஜைமேல் வைத்தாள். சரி, வேலை உங்களுக்குத்தான் என்று முணுமுணுத்துவிட்டு மேலாளர் திரும்பினார். அண்ணி விடவில்லை. நோட்டீஸைக் கிழித்து எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"அந்த வரியை அடிச்சிடுங்க சார். எனக்கு அப்புறம் வர்றவ இதைத் தூக்க வேணாம்."

பேனா இல்லையே என்று அவர் சட்டைப்பையைத் தடவினார். நான் எழுந்து போய் என்னுடையதைக் கொடுத்தேன்.