லாக்கர் நாற்பத்தொன்றும் என் நான்கு பக்க விளக்கமும்

1. மணி அடிக்கும் மேசை

முதலில் என் மடத்தனத்தை ஒப்புக்கொண்டு விடுகிறேன். மத்திய வங்கியின் உதவி எண்ணுக்கு யாராவது போன் போட்டால், அதன் தலைவர் மேசையில் மணி அடிக்கும் என்று நம்பினேன். அவர் எடுத்துக் கேட்பார், கண்ணாடியைக் கழற்றுவார், "கம்பம் கிளையா? லாக்கர் சீட்டில் உட்கார்ந்திருப்பது யார்?" என்பார். மறுநாள் எனக்கு ஓலை வரும். இருபத்தாறு வருஷம் வங்கியில் குப்பை கொட்டியவன், இதை மனதார நம்பினேன்.

இத்தனைக்கும் மத்திய வங்கியைப் பற்றி ஊரார் கேட்கும் கேள்விக்கெல்லாம் பதில் சொல்பவன் நான். "பத்து ரூவா காசு செல்லாதாமே சார்?" செல்லும். "நோட்டுல பேனாவுல எழுதுனா செல்லாதாம்ல?" செல்லும், எழுதாதீர்கள். ஏலக்காய் வியாபாரி ஒருவர், "அங்கனயே எனக்கும் ஒரு அக்கவுண்ட் போட்டுக் குடுங்க, சின்ன பேங்கெல்லாம் வேணாம்" என்று ஒற்றைக்காலில் நின்றார். தனி ஆளுக்கு அங்கே கணக்குக் கிடையாது என்றதும், எனக்குச் செல்வாக்கு இல்லை என்று முடிவு கட்டிப் போய்விட்டார்.

வாசல் பக்கச் சுவரில் ஒரு போஸ்டர் உண்டு. வங்கி பற்றிய சந்தேகமா, புகாரா, இந்த இலவச எண்ணில் மத்திய வங்கியைக் கேளுங்கள் என்று தமிழில் போட்டிருக்கும். ஒட்டியவன் நான்தான். அந்த இடத்தில் காரை பெயர்ந்திருந்தது. மறைக்கச் சரியான அளவில் இருந்தது அந்தப் போஸ்டர் மட்டுமே.

2. எதுக்கும் இருக்கட்டும்

ஒரு செவ்வாய்க்கிழமை செல்வராணி என்ற அம்மா, காமயகவுண்டன்பட்டியிலிருந்து டவுன் பஸ் பிடித்து வந்தார். கூடவே பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மகள். வீட்டுக்காரர் பாண்டி, திராட்சைத் தோட்டக்காரர். பந்தலுக்குக் கம்பி இழுக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஒரு மாதம் ஆகியிருந்தது.

"வீட்டுல எலித்தொல்லை சார். காயிதம் ஒண்ணு தங்காது. அதான் இவ மார்க் சீட்டு, டி.சி. அம்புட்டையும் கொண்டாந்து இங்கன லாக்கர்ல வச்சாக. வர்ற திங்கக்கெழம தேனியில நர்சிங் காலேசுல சேரணும். ஒரிஜினல் இல்லாம வராதீகன்னுட்டாக."

இறப்புச் சான்று, ஆதார், லாக்கர் சாவி மூன்றையும் மேசையில் வைத்தார். நாமினி அவர்தான் என்றும் சொன்னார். வேறு ஒன்றும் தேவையில்லை. அது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் என் கை கண்ணாடியைத் துடைத்தது, வாய் தானாகப் பேசியது.

"வாரிசு சர்டிபிகேட் வாங்கிட்டு வாங்கம்மா."

"அதுக்கு ஒரு மாசம் ஆகுமே சார்."

"எதுக்கும் இருக்கட்டும்."

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளே, இந்த இரண்டு சொல்லைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த சர்க்குலரிலும் இது கிடையாது. ஆனால் பாதி வங்கி இதில்தான் ஓடுகிறது.

புதன்கிழமை வாரிசுச் சான்றுக்கு மனுக் கொடுத்த ரசீதோடு வந்தார். மாமியாரின் சம்மதக் கையெழுத்துக் கேட்டேன். எதுக்கும் இருக்கட்டும். மாமியாரையே பஸ்ஸில் ஏற்றிக் கூட்டி வருவதாகச் சொன்னார். நோட்டரி அத்தாட்சியும் வேண்டும் என்றேன். இந்த இரண்டு நாளும் அந்தப் பெண்பிள்ளை உட்கார இடமில்லாமல், வாசல் பக்கச் சுவரோரம் நின்றுகொண்டிருந்தது. எந்தச் சுவர் என்று உங்களுக்குத் தெரியும்.

3. அங்கன ஒரு பொண்ணு பேசுச்சு

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு அம்மா தனியாக வந்தார். முகத்தில் கோபம் இல்லை. அதுதான் என்னை முதலில் உதறவைத்தது.

"சார், மேல போன் போட்டுக் கேட்டுட்டேன்."

"மேலன்னா, மேனேஜர் கிட்டயா?"

"இல்ல சார். அந்தா போஸ்டர்ல இருக்குல்ல, அங்கன. ஒரு பொண்ணு பேசுச்சு. தமிழ்லதான். இறப்புச் சான்று, ஆதாரு, ஒரு மனு, இந்த மூணு காயிதமே போதும், எழுதிக் குடுத்து ரசீது வாங்குங்கன்னுச்சு. எழுதிக் கொண்டாந்திருக்கேன்."

மனுவை நீட்டினார். மகளின் எழுத்து, வரிக்கு வரி நேர்கோடு. அதை வாங்கிப் பேப்பர்வெயிட்டுக்கு அடியில் வைத்தேன்.

"ரெண்டு மணிக்கு மேல வாங்கம்மா" என்று சொல்லிவிட்டு, எங்கள் அட்டெண்டர் சின்னமணியைக் கூப்பிட்டேன். அவருக்கும் எனக்கும் ஒரே வயசு. என்னைப் பயமுறுத்துவதில் அவருக்கு ஒரு தனிச் சுகம்.

"சின்னமணி, மத்திய வங்கிக்கு நம்ம மேல புகார் போனா என்னய்யா பண்ணுவாக?"

"நம்ம மேலயா, ஒங்க மேலயா சார்?"

"சரி, என் மேல."

அவர் கதவைப் பார்த்தார். சன்னலைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "ஒங்களுக்கு முன்னாடி இதே சீட்டுல ஒருத்தரு இருந்தாருல்ல? மேல இருந்து ஒரு லெட்டர்தான் சார் வந்துச்சு. அவரு இப்ப எங்கன இருக்காருன்னே தெரியல."

அவ்வளவுதான். சர்வீஸ், பென்ஷன், வீட்டுக் கடனில் மிச்சமிருக்கும் ஆறு வருஷம் எல்லாம் கண்முன் வந்தன. வெள்ளைத் தாளை எடுத்து, கேட்காத கேள்விக்கு விளக்கம் எழுத ஆரம்பித்தேன். 'மேன்மை பொருந்திய ஐயா' என்று தொடங்கி நான்கு பக்கம். 'வாடிக்கையாளரின் நலன் ஒன்றையே கருதி' என்பது மட்டும் ஏழு இடத்தில் வந்தது. வாடிக்கையாளரின் மனுவோ பேப்பர்வெயிட்டுக்கு அடியில் அப்படியே கிடந்தது.

4. கெங்குவார்பட்டி ராமசாமி

சாப்பாட்டு நேரத்தில் பஸ் ஸ்டாண்டு ஜூஸ் கடைக்குப் போனேன். புகார் பதிவாகிவிட்டதா என்று துப்பறிய வேண்டும். ஒரு பன்னீர் திராட்சை ஜூஸ் சொல்லிவிட்டு, அதே எண்ணுக்குப் போன் போட்டேன். தமிழுக்கு ஒரு எண்ணை அமுக்கச் சொன்னது. அமுக்கினேன். தலைவர் எடுக்கவில்லை. ஓர் இளம்பெண் குரல்.

"வணக்கம். சொல்லுங்க சார், என்ன விவரம் வேணும்?"

"யம்மா, நான் கெங்குவார்பட்டி. பேரு ராமசாமி. வெவசாயி." குரலைக் கட்டையாக்கிப் பேசினேன். ஜூஸ் கடைக்காரர் மிக்சியை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். "லாக்கருக்கு நாமினி போட்டிருக்கு. ஆளு செத்துப் போனாக. பேங்க்ல வாரிசு சர்டிபிகேட் கேக்குறாக. கேக்கலாமா?"

"நாமினி பதிவாகியிருந்தா அது தேவையில்ல சார். இறப்புச் சான்று, நாமினியோட அடையாளச் சான்று, விண்ணப்பம் போதும். பதினஞ்சு நாளுக்குள்ள முடிச்சுக் கொடுக்கணும்."

"கேட்டுட்டாரே அந்த ஆபீசரு!"

"நீங்க எழுத்து மூலமா வங்கியிலயே கொடுங்க. முப்பது நாள்ல பதில் வரலைன்னாலோ, வந்த பதில் திருப்தியா இல்லைன்னாலோ ஓம்புட்ஸ்மேன், அதாவது குறைதீர்ப்பு அதிகாரி கிட்ட புகார் பண்ணலாம்."

"அப்ப ஆபீசர உடனே தூக்க மாட்டீகளா?"

"சார்?"

"இல்லம்மா, அவரும் புள்ளகுட்டிக்காரரு. கேக்கப் பாவமா இருக்கு."

"இங்க விளக்கம் மட்டும்தான் சார் சொல்வோம். யாரையும் தூக்க மாட்டோம்."

"கம்பத்துல இருந்து எவுகளாச்சும் புகார் குடுத்திருக்காகளா?"

"மத்தவங்க விவரம் சொல்ல முடியாது சார். உங்க புகார் எண் இருந்தா சொல்லுங்க."

இங்கேயே நிறுத்தியிருக்கலாம். இருபத்தாறு வருஷ நாக்கு நிற்குமா? "சரிம்மா, நாமினி ஒப்படைப்புக்கு இன்வென்டரி எடுக்கும்போது ரெண்டு சாட்சி சுயேச்சையா இருக்கணும்ல, ஸ்டாஃப் போட்டா ஆடிட்ல அப்ஜெக்ஷன் வருமா?"

அவள் மிகப் பொறுமையாகக் கேட்டாள்: "சார், நீங்க பேங்க்லயா வேலை பாக்குறீங்க?"

போனை வைத்துவிட்டேன். "என்ன ராமசாமிண்ணே, ஐஸ் போடவா?" என்றார் கடைக்காரர்.

5. என் கையெழுத்து

திரும்பி வந்து லாக்கர் பதிவேட்டை எடுத்தேன். அதை எடுக்காமலேதான் அந்த அம்மாவை இரண்டு முறை திருப்பி அனுப்பியிருந்தேன். நாற்பத்தொன்று. வாடகைதாரர் பாண்டி. நாமினி, மனைவி செல்வராணி. கீழே பதிவு செய்த அலுவலர் கையெழுத்து. என்னுடையது.

கையெழுத்தைப் பார்த்ததும் ஆளும் ஞாபகம் வந்தது. கம்பி கிழித்த விரலோடு நின்றவர். நாமினி என்றதும் சிரித்தார். "நான் என்ன நாளைக்கேவா சாகப்போறேன்?" நான் பெரிய மனுசனாக, "போட்டு வைங்கண்ணே. நாளப்பின்ன மதினி இந்தப் படிய ஏறி எறங்க வேணாம்ல?" என்றேன். அவர் அதை நம்பிக் கையெழுத்துப் போட்டார்.

அந்த மதினி மூன்று நாளாகப் படி ஏறி இறங்கியிருந்தார். இறக்கிவிட்டவன் நான். எங்கள் படி ஒன்பது.

இரண்டு மணிக்கு வந்தவரிடம் ரசீதைக் கொடுத்தேன். மேனேஜரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் கோட்டயத்துக்காரர். நான்கு பக்க விளக்கத்தைப் புரட்டிப் பார்த்து, "எந்தா சாரே, யார் கேட்டது இதை?" என்றார். யாரும் கேட்கவில்லை என்றேன். "அப்போ லாக்கரைத் திற."

வெள்ளிக்கிழமை காலை, பக்கத்துக் கடைக்காரர்கள் இருவர் சாட்சிக்கு நிற்க, அம்மாவின் சாவியும் எங்கள் சாவியும் போட்டுத் திறந்தோம். பிளாஸ்டிக் உறைக்குள் மார்க் சீட்டு இரண்டு, டி.சி. ஒன்று. ஒரு ஜோடிக் கம்மல். நிலப் பத்திரம். இன்வென்டரிப் பட்டியலை முதலில் ரஃப்பாகக் குறித்தது என் விளக்கத்தின் பின்பக்கத்தில்தான். நான்கு பக்கத்தில் அதுவரை உபயோகப்பட்டது அது ஒன்றுதான்.

சின்னமணியை ஓரமாகப் பிடித்தேன். "அந்த ஆபீசரு நெசமாவே எங்கனய்யா இருக்காரு?"

"மூணாறுல சார். மாறுதல் கேட்டு வாங்கிட்டுப் போனாரு. குளிருக்கு நல்லாருக்காம்."

அம்மா கையெழுத்துப் போட்டு முடித்ததும், நெஞ்சில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன். "மேல போன் போட்டப்ப என் பேரச் சொன்னீகளாம்மா?"

"ஒங்க பேரு எனக்குத் தெரியாதே சார். பேங்க்ல ஒருத்தருன்னுதான் சொன்னேன். அந்தப் பொண்ணும் கேக்கல."

காயிதம் கூடக் கூடக் காப்பாற்றப்படுவது வாடிக்கையாளர் அல்ல, எதிரே உட்கார்ந்திருக்கும் என்னைப் போன்ற பயந்தாங்கொள்ளிதான். அதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு ஜூஸ் செலவு. அந்த அம்மாவுக்கு மூன்று நாள், போக வர டவுன் பஸ்.

மத்திய வங்கியிலிருந்து என்னைப் பற்றி எந்தக் கடிதமும் வரவில்லை. அந்த அம்மா அங்கே நான்கு நிமிஷம் பேசியிருந்தார். ஒரு கேள்வி கேட்டார், பதில் சொன்னார்கள். திங்கட்கிழமை அந்தப் பிள்ளை தேனியில் ஒரிஜினலைக் காட்டிச் சேர்ந்துவிட்டது.