வெல்வெட்டில் ஒரு வெற்றிடம்

மகளின் பள்ளிக்கூட விழாவில் பெயர் பேட்ஜைச் சட்டையில் குத்தும்போது ஊசி விரலில் ஏறிவிட்டது. உடனே நான் வளர்ந்த வெள்ளவத்தை வீடு நினைவில் வந்து நின்றது, கடல் உப்பில் துருப்பிடித்த ஊசிகளின் நெடியோடு.

அப்பா தேர்தல் பேட்ஜ் சேர்ப்பவர். எந்தக் கட்சியென்று பார்க்கமாட்டார். சிவப்பு வெல்வெட் துணியில் தேர்தல் வாரியாகக் குத்தி வைத்திருந்தார். அவற்றில் மிக அரியது, வாக்களிப்புக்கு முன்பே விலகிக்கொண்ட ஒரு வேட்பாளருடையது. அதில் மட்டும்தான் தமிழ் எழுத்து.

ஒரு காலை ஆமி எங்கள் ஒழுங்கையின் இரண்டு முனையையும் மறித்துச் சுற்றிவளைத்து, வீடுவீடாகச் சோதனை போட்டது. தமிழ் எழுத்தைக் கண்டால் அப்பாவைக் கொண்டுபோய்விடுவார்கள் என்று பயந்த அம்மா, அதைக் கழற்றித் தன் சேலைக் கொசுவத்துக்குள் குத்திக்கொண்டார்.

"மற்றதுகளைக் கொஞ்சம் தள்ளிக் குத்துங்கோவன். இடைவெளி தெரியுது."

"வரிசை குழம்பிப்போடும்," என்றார் அப்பா.

உள்ளே வந்த ஆமிக்காரனின் விரல் நேரே அந்த வெற்றிடத்தில் போய் நின்றது. "மேக கோ?" இது எங்கே என்று சிங்களத்தில் கேட்டான்.

"நெதி உனா." தொலைந்துவிட்டது என்று அம்மா சிரித்தபடி சொன்னார்.

அவர்கள் படியிறங்கியதும் அம்மா பேட்ஜை எடுத்தார். ஊசி திறந்து இடுப்பில் ஏறியிருந்தது, கொசுவமெல்லாம் இரத்தம். அப்பா அதை வாங்கித் துடைத்தார். பழைய இடத்தில் குத்தினார். நேராக இருக்கிறதா என்று தலையைச் சாய்த்துப் பார்த்தார். பிறகுதான், "நோகுதோ?" என்றார்.

இன்றும் அந்த வரிசையை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

"நோகுதா அப்பா?" மகள் என் விரலைப் பிடித்திருக்கிறாள். பேட்ஜ் எங்கே விழுந்ததென்று அவள் பார்க்கவேயில்லை.