கண்ணை மட்டும் கழற்றிச் சென்ற சிவபாலன் ஐயா

சிவபாலன் ஐயா சென்ற வெள்ளிக்கிழமை காலை இறந்துபோனார். கம்பளையில் சரக்குப் பார்த்துக்கொண்டு நின்ற என்னிடம் அவருடைய மகள் தொலைபேசியில் சொன்னார். சரக்கை விட்டுவிட்டுக் கண்டிக்கு பஸ் ஏறினேன். அவரைத் தெரிந்தவர்கள் இதை வாசிப்பீர்கள். சிலருக்குக் கசக்கும், கசக்கட்டும்.

போரால் வடக்குக்குப் பாதை மூடியிருந்த காலம். யாழ்ப்பாணத்துக் கலியாணமும் செத்தவீடும் சீடியில் பதிவாகி, யார் கையிலோ கண்டிக்கு வந்து சேரும். ஆவலோடு போட்டால் வீட்டுக் கணினியின் பழைய சீடி டிரைவ் சுற்றும், முனகும், தட்டை வெளியே தள்ளிவிடும். புது டிரைவ் விற்றால்தான் எனக்கு லாபம். கண்டியில் என் கணினிக் கடையிலேயே ஒரு மேசையைப் பிடித்துக்கொண்டு ஐயா அந்த லாபத்தைக் கெடுத்தார். “உதுக்கு இன்னும் உயிர் கிடக்கு நானா, ஏன் எறிவான்?” என்பார். முஸ்லிம் கடைக்காரன் என்பதால் என்னை நானா என்றுதான் கூப்பிடுவார். லென்ஸைப் பஞ்சால் துடைப்பார். மசியாவிட்டால் அதன் பக்கத்திலுள்ள பொடித் திருகை மயிரளவு திருப்பி வெளிச்சத்தைக் கூட்டுவார். “கனக்கத் திருப்பினால் இண்டைக்கு வடிவாப் பார்க்கும், நாளைக்குக் குருடாப் போகும்” என்று சொல்லிக்கொண்டே செய்வார்.

வீடுகளுக்குப் போனால் டிரைவை முழுதாகக் கொண்டுவர மாட்டார். லென்ஸ் இருக்கும் பகுதியை மட்டும் கழற்றி, பஞ்சில் சுற்றிப் பையில் போட்டு வருவார். “முழுசாக் கொண்டு வாங்களேன் ஐயா, ஆமிக்காரன் பார்த்தா என்ன சாமான்னு வெளங்கும்” என்று எத்தனையோ தரம் சொன்னேன். கெட்டது கண் மட்டும்தானே, மற்றப் பாரத்தை ஏன் சுமப்பான் என்பார்.

பேராதனை வீதிச் சோதனைச் சாவடியில் பையைத் திறந்தார்கள். வயர் தொங்கும் இரண்டு கண்ணாடிக் கண்கள். கூடவே யாழ்ப்பாணத்து அடையாள அட்டை. குண்டுச் சாமான் என்று உள்ளே போட்டுவிட்டார்கள். சாமான்காரர்கள் வந்து உரிமை சொன்னால் பார்க்கலாம் என்றார் பொலிஸ் அதிகாரி.

ஒரு கண் விரிவுரையாளர் ஒருவருடையது. பெயர் வேண்டாம். தங்கையின் கலியாணத்தை ஐயா முன்பொருமுறை திருத்திக் கொடுத்த டிரைவில் பார்த்து அழுதவர். நான் போனபோது கதிரை காட்டவில்லை. “நாங்கள் அப்பிடி ஒண்டும் திருத்தக் குடுக்கேல்லை” என்றார். அவருக்குப் பின்னால் மேசையில் கணினி, டிரைவைக் கழற்றிய இடத்தில் வாயைப் பிளந்துகொண்டு நின்றது; கண்ணில்லாத டிரைவ் பக்கத்தில் கிடந்தது. பயம் எனக்கும் இருந்தது. ஆனால் அந்த ஓட்டையை நான் மறக்கவில்லை.

மற்றக் கண் புசல்லாவை செல்வராணி டீச்சருடையது. சொல்லியனுப்பிய மறுநாளே வெற்று டிரைவைப் பழைய சேலைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். பயமில்லையா என்று பொலிஸ் வாசலில் கேட்டேன்.

“இருக்குங்க. எங்க வீட்டு சாமானுக்கு நான் வரலன்னா வேற யாருங்க வருவா?”

ஐயாவையே பூட்டிக் காட்டச் சொன்னார்கள். கண் அதன் இடத்தில் சரியாக உட்கார்ந்தது. அன்று பின்னேரம் விட்டார்கள். ஆள் வராத மற்றக் கண் பொலிஸிலேயே கிடந்துபோனது.

கொஞ்ச நாளில் விரிவுரையாளர் கடைக்கு வந்து தன் டிரைவின் கண் திருத்தியாயிற்றா என்று கேட்டார். ஐயா தலை நிமிரவில்லை. “புதுசு ஒண்டு வாங்குங்கோ சேர், நானாவிட்டை இருக்கு” என்றார். ஐயா எனக்குப் பிடித்துத் தந்த ஒரே வியாபாரம் அதுதான்.

இப்போது ஐயாவின் செத்தவீட்டில் முதலில் எழுந்து பேசியவரும் அந்த விரிவுரையாளர்தான். ஐயா நமது சமூகத்தின் சொத்தாம். சொத்துக்கு உரிமை சொல்லத் தேவைப்பட்ட நாளில் இவர் வீட்டில் ஆளில்லை.

அந்தச் சாவடிக்குப் பிறகு ஐயா பையைத் தொட்டதில்லை. வீடுகளுக்கு இருவருமாகப் போனோம். நான் பையோடு முன்னால், அவர் வெறுங்கையோடு பின்னால். அந்தப் பை என்னிடம் இருக்கிறது, யாருக்கும் கொடுக்க மாட்டேன். பொலிஸிலிருந்து திரும்பிய அன்று, தேத்தண்ணீர் ஆறும் முன்னே நாங்கள் பேசி முடித்தது இதுதான்: வேலை அவருடையது, பை என்னுடையது, வருவதில் ஆளுக்குப் பாதி. சாவடியில் பிடித்தால், பை என் ஒருவனுடையது என்று இருவரும் சொல்ல வேண்டும்.