முப்பதாவது எச்சம்

பள்ளிவாசல்துறையில் மதிய லுஹர் தொழுகைக்குப் போகும் வழியில், மின்கம்பி நிறைய ஆலாப் பறவைகள் உட்கார்ந்திருக்கும். உடுப்பில் எச்சம் பட்டால் அதோடு தொழ முடியாது. ஆகவே வெயில் இல்லாவிட்டாலும் குடை விரிப்பேன். பெருநாளிலிருந்து குடையில் விழுந்தவை பதினேழு.

போன வருடம் பல்கலைக்கழகப் பிள்ளையொருத்தி ஐஸ் பெட்டியோடு அங்கே வந்தாள். பறவைகளின் குடலிலுள்ள பக்டீரியாக்களில், நம் மருந்துகளுக்கு மசியாத மரபணு இருக்கிறதா என்று பார்க்கிறாளாம். மருந்துக்கடைப் பக்கமே போகாத ஆலாவுக்கு அது எப்படி வரும் என்று கேட்டேன். நாம் விழுங்குவதும் வீசுவதும் கழிவுநீரில் களப்புக்குப் போகிறது, அங்கிருந்து மீனோடு பறவைக்குள் போகிறது என்றாள்.

மண்படாத புது எச்சம் முப்பது வேண்டும். விரித்த பொலித்தீனில் இருபத்தொன்பது கிடைத்தன. பிறகு ஒன்றும் விழவில்லை. பஸ்ஸுக்கு நாற்பது நிமிடம். ஒன்று குறைந்தாலும் எங்கள் ஊரைக் கணக்கில் சேர்க்க மாட்டார்களாம்.

கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவர் என்னைக் காட்டிச் சொன்னார்: “மாஸ்டரக் கொண்டு போய் நிப்பாட்டுங்க தங்கச்சி. அவருட குடையக் கண்டா அதுகளுக்கு வயிறு தாங்காது.”

அவள் குடையை ஸ்பிரிட்டால் துடைத்தாள். கம்பிக்குக் கீழே ஆறு தடவை நடந்தேன். இன்ஸ்பெக்டர் வந்த வகுப்பைப் போல ஆலாக்கள் ஒழுக்கமாக இருந்தன. இதற்கு அல்லாஹ்விடம் துஆ கேட்கலாமா என்று வேறு யோசனை. ஏழாவது தடவை கோபத்தில் குடையை மடக்கினேன்.

இடது தோளில் விழுந்தது.

“அசையாதீங்க சேர்!” என்று அவள் ஓடிவந்தாள். கரையே சிரித்தது. நானும் சிரித்தேன், தோளை அசைக்காமல் சிரிப்பது லேசல்ல. துணியில் முட்டாமல் பஞ்சுக் குச்சியால் மேலாக எடுத்தாள். பஸ்ஸும் கிடைத்தது. எனக்கு ஜமாஅத் தொழுகை தவறியது.

இரண்டு மாதம் கழித்துப் போன் எடுத்தாள். என் முப்பதாவதில் அந்த மரபணு இருந்ததாம். என் கால் கட்டிக்கு டொக்டர் கொடுத்த அதே மருந்துக்கு மசியாதது. பிள்ளை பரீட்சையில் பாஸானதுபோல மனைவியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் அலுமாரியிலிருந்து ஒரு கடதாசி உறையை எடுத்து நீட்டினார். டொக்டர் தந்தது இருபத்தொரு மருந்துக் குளிசை. கட்டி காய்ந்ததும் ஒன்பதோடு நிறுத்தியிருந்தேன்.

“ஆலாவப் பத்திக் கத சொல்ல வந்துட்டீங்க. இதக் களப்புல போடட்டா?”

“போட்டுடாத,” என்று உறையைப் பறித்துக்கொண்டு, முற்றத்துக் கோழிகளை விலக்கி ஓடி, சிலாபம் பஸ் ஏறினேன். ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவரிடம், பன்னிரண்டு இருக்கிறது என்று ஒப்படைத்தேன். கொட்டி எண்ணினார். பதினொன்று. நானும் எண்ணினேன். பதினொன்றுதான். பறித்ததில் உறையின் மூலை கிழிந்திருந்தது.

உடனே வீட்டுக்குப் போன் எடுத்து, கோழிகளை அடைத்து வைக்கச் சொன்னேன்.