கிங்ஸ்பரிப் பேரரசு வீழ்ந்த கதை

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர் சங்கம் லண்டனில் என் அக்காவின் வீட்டிலிருந்து ஆளப்பட்டது. வீடு நகரின் வடக்கே, கிங்ஸ்பரியில். தலைவர் என் அத்தான், அக்காவின் கணவர். அவரை யார், எப்போது தெரிவு செய்தார்கள் என்று ஒருவருக்கும் ஞாபகமில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் கூட்டம். கூட்டம் முடிய அக்காவின் சாப்பாடு.

நாங்கள் ஏழெட்டுப் பேர் தேம்ஸ் நதிக்குத் தெற்கே, தோர்ண்டன் ஹீத்திலும் நோர்பரியிலும் இருந்தோம். எங்களைக் குடியேற்ற நாடுகள் என்று சொன்னால் பொருந்தும். ஞாயிறு என்றால் ஏதாவது ஒரு பாதையில் தண்டவாள வேலை நடக்கும்; ரயிலுக்குப் பதிலாக பஸ் விடுவார்கள். அந்த பஸ் வழியில் இருக்கிற எல்லா வீட்டையும் நலம் விசாரித்துக்கொண்டு போகிற வேகத்தில் போகும். நாங்கள் போய்ச் சேரும்போது தீர்மானங்கள் நிறைவேறி, சாப்பாட்டுக் கோப்பைகள் பரப்பியாகிவிடும். தீர்மானங்களைச் சோற்றோடு சேர்த்து விழுங்குவதுதான் எங்கள் வாக்குரிமை.

ஆனால் மூலப்பொருள் எல்லாம் தெற்கிலிருந்துதான் போனது. எனக்குத் தோர்ண்டன் ஹீத்தில் மரக்கறிக் கடை. ஆண்டு விழாவுக்கு வாழையிலை, முருங்கைக்காய், கதிரை அடுக்க ஆட்கள், எல்லாம் நாங்கள். வடக்கிலிருந்து எங்களுக்குத் திரும்பி வந்தது சொற்பொழிவு. அதுவும் நீளமான சொற்பொழிவு.

இதையெல்லாம் பல வருடம் பொறுத்தவர்களுக்கு 2009இல் என்ன வந்தது என்று கேட்கலாம். அந்த வருடம் மே மாதம் ஊரில் யுத்தம் அப்படி முடிந்த பிறகு நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசவே தெரியாமல் நின்றோம். பெரிய துயரத்தைப் பற்றிப் பேச வாய் வரவில்லை. அதனால் சின்னச் சண்டைகளை இறுகப் பிடித்துக்கொண்டோம் என்று இப்போது நினைக்கிறேன். அப்போது எங்களுக்கு அது சின்னச் சண்டையாகத் தெரியவில்லை.

கடையின் பின் அறையில், மரவள்ளிக்கிழங்குப் பெட்டிகளின் மேல் இருந்து சதி செய்தோம். எங்கள் சிந்தனையாளர் மினிகாப் என்ற வாடகைக் கார் ஓட்டுபவர். ஆட்கள் வரும்வரை காருக்குள் இருந்து மகளின் சரித்திரப் புத்தகத்தைப் படித்துப் படித்து, எந்தக் குடியேற்ற நாடு எப்படிச் சண்டைக்குப் போனது என்பது அவருக்கு அத்துப்படி.

"அண்ணை, எடுத்தவுடனை ஒருத்தரும் சுதந்திரம் கேட்கிறேல்லை," என்றார். "அமெரிக்காக்காரனும் முதல் ராசாவுக்கு மனுத்தான் போட்டவன். 'நாங்கள் உங்கடை ஆக்கள், எங்களையும் ஒருக்கால் கேளுங்கோ' எண்டு. கேட்டிருந்தால் அவன் இண்டைக்கும் தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு இருந்திருப்பான்."

"பிரான்சிலை எண்டால் இதுக்கு றோட்டை மறிச்சிருப்பாங்கள்," என்றார் என் கடைப் பங்காளி. பத்து வருடம் பாரிஸில் இருந்துவிட்டு வந்தவர். கடையில் பால் முடிந்தாலும் அவருக்கு றோட்டை மறிக்க வேண்டும்.

மனுப் போட்டோம். வருடத்தில் ஒரு கூட்டத்தையாவது தெற்கில் வையுங்கள் என்று. "இவ்வளவு பேரையும் அங்கை ஆர் கொண்டு போறது?" என்று அத்தான் கேட்டார். எங்களை இங்கே யார் கொண்டு வருவது என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

அடுத்தது பகிஷ்கரிப்பு. ஆண்டு விழாவுக்கு வாழையிலை இல்லை என்று சொல்லிவிட்டேன். பேரரசு ஆட்டம் காணும் என்று எதிர்பார்த்தோம். அவர்கள் வாழையிலைக்குப் பதில் கடதாசிக் கோப்பையில் சாப்பிட்டுவிட்டு, இது நல்ல வசதியாக இருக்கிறதே, இனி இப்படியே செய்வோம் என்றார்கள்.

மிச்சம் இருந்தது பிரகடனம். மற்றவர்களுக்கு அதில் போவது ஒரு சங்கம். எனக்குப் போவது அக்காவின் வீடு. நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் நாலு வருடம் அந்த வீட்டில்தான் இருந்தேன். அத்தான்தான் எனக்குக் குளிர் கோட்டு வாங்கித் தந்தார், கார் ஓட்டப் பழக்கினார், பழக்கும்போது பேசாத பேச்செல்லாம் பேசினார். இப்போது கடையும் குடும்பமும் என்று ஆகிவிட்ட பிறகு, அந்த மாதக் கூட்டம் இல்லாவிட்டால் நான் கிங்ஸ்பரிப் பக்கம் போகவே மாட்டேன் என்பது எனக்கே தெரியும். அத்தானை எதிர்த்து எழுந்து நின்றபின் எந்த முகத்தோடு அக்காவின் சோற்றில் கை வைப்பது? அந்த யோசனையில் நான் சரியாக நித்திரை கொள்ளவில்லை.

நவம்பர் கூட்டத்துக்கு, எங்கள் தீர்மானத்தோடு விடியவே பஸ் ஏறினோம். பஸ்ஸுக்குள் ஒரே ஒரு கேள்விதான்: சாப்பிட முன் வாசிப்பதா, சாப்பிட்ட பின் வாசிப்பதா?

"வெறும் வயித்தோடை புரட்சி செய்யேலாது," என்றார் பங்காளி. பிரான்சிலும் அப்படித்தானாம்.

நான் விடவில்லை. உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்ய என்னால் முடியாது. செய்கிற இரண்டகத்தை உண்ண முன்பே செய்துவிடுவோம் என்றேன். எல்லோரும் என்னை முறைத்துக்கொண்டு வந்தார்கள்.

குசினியிலிருந்து ஆட்டிறைச்சிக் கறி மணக்க மணக்க நான் எழுந்து நின்று வாசித்தேன். தெற்கு லண்டன் இன்றுமுதல் தனிச் சங்கம்; தலைவர் நான். அத்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பப் போட்டார்.

"அப்ப போங்கோ," என்றார்.

அவ்வளவுதான். சண்டைக்கு வரிந்துகட்டிக்கொண்டு வந்தவனைப் பார்த்து 'சரி' என்று சொல்வது போலக் கொடுமை வேறில்லை. நான் கோட்டை எடுத்தேன். அப்போது அக்கா கையைத் துடைத்துக்கொண்டு குசினியிலிருந்து வந்தார்.

"பிரிஞ்சாச்சோ?"

"ஓம் அக்கா."

"அப்ப சமைச்சு வைச்சது எந்தச் சங்கத்துக்கு?"

"இதென்ன கேள்வி? எங்களுக்குத்தான்," என்றார் அத்தான்.

"அதெப்பிடி? அக்கா எங்கடை தலைவற்றை கூடப்பிறந்தவ. அவ தெற்குக்குத்தான்," என்றார் மினிகாப்காரர்.

இப்போதுதான் உண்மையான சண்டை தொடங்கியது. வடக்கும் தெற்கும் நாட்டைப் பங்கு போடுவதுபோல அக்காவுக்காக இழுபறிப்பட்டோம். நானும்தான் கத்தினேன். அக்கா ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நானும் அந்தப் பள்ளிக்கூடத்திலைதான் படிச்சனான்," என்றார். "இவ்வளவு வருசத்திலை ஒருத்தராவது 'வந்து கூட்டத்திலை இரு' எண்டு சொன்னனீங்களோ?"

அத்தான் மறுபடியும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இண்டையோடை நானும் பிரியிறன். உங்கடை ரெண்டு சங்கத்துக்கும் இனி நான் சமைக்கமாட்டன்."

மினிகாப்காரர் என் காதுக்குள், "அண்ணை, முறைப்படி பார்த்தால் முதல் மனுவெல்லோ குடுத்திருக்க வேணும்," என்றார். மெல்லப் பேசத் தெரியாத மனுஷன்.

"குடுத்தனான்," என்றார் அக்கா. "ஒவ்வொரு மாசமும் 'கூட்டத்திலை என்ன கதைச்சனீங்கள்?' எண்டு கேட்டனான். 'ஒண்டுமில்லை, சோத்தைப் போடு' எண்டனீங்கள்."

சொன்னது யார் என்று அத்தான் என்னைப் பார்த்தார். நான் அத்தானைப் பார்த்தேன். இருவரும்தான் சொல்லியிருப்போம். கோட்டைக் கையில் பிடித்தபடி, சின்னப் பிள்ளை மாதிரி, "அக்கா, நான் இனி இஞ்சை வரலாமோ?" என்று கேட்டேன்.

"ஏன், ஆர் உன்னை வரவேண்டாம் எண்டது? வா. வரேக்கை சமைச்சுக் கொண்டு வா."

டிசம்பர் முதல் ஞாயிறு, சுதந்திரத் தெற்கு லண்டனின் தலைவர் மடியில் ஒரு கறிச் சட்டியை வைத்துக்கொண்டு அதே பஸ்ஸில் கிங்ஸ்பரிக்குப் போனார். பருப்பும் சோறும் பங்காளியின் மடியில். வடக்கு, தெற்கு என்ற பேச்சை ஒருவரும் எடுக்கவில்லை. அத்தானுக்குத் தன் குசினியில் கரண்டி எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. எல்லா லாச்சியையும் இழுத்துப் பார்த்தார். யாரும் உதவிக்குப் போகக் கூடாது என்று அக்கா சொல்லிவிட்டார். கடைசியில் அத்தானே கோப்பையில் போட்டுக் கொண்டுவந்து அக்காவின் கையில் கொடுத்தார்.

அக்கா ஒரு வாய் சாப்பிட்டார். "உப்புக் காணாது," என்றார். பிறகு இன்னும் கொஞ்சம் கறி கேட்டார். அத்தான் போய் எடுத்து வந்தார். அக்கா கதிரையில் நன்றாகச் சாய்ந்து, ஒருவருக்கும் எழுந்து போய்ப் பரிமாறாமல், ஆறுதலாகச் சாப்பிட்டார். லண்டனுக்கு வந்த இத்தனை வருடத்தில் அக்கா எங்களோடு இருந்து சாப்பிட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.