தள்ளிப் பார்த்து வாங்கிய வண்டி

2024 டிசம்பர் ஏழாம் தேதி, சனிக்கிழமை, காலை ஆறு மணி நாற்பது நிமிடம். நேமத்தான்பட்டியில் எங்கள் தெரு சாலையைத் தொடும் இடத்தில் நின்றுகொண்டு, எதிரே வந்த குட்டியானைச் சரக்கு வண்டியைப் பார்த்து என் வலக்கை ஆள்காட்டி விரலை ஓர் அங்குலம் உயர்த்தினேன். நியூசிலாந்தின் தென்தீவில், நான் இலக்கியம் படிக்கும் ஊரைச் சுற்றியுள்ள கிராமச் சாலைகளில், அதற்கு வணக்கம் என்று பொருள். ஓட்டுகிறவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை எடுப்பார். நாமும் ஒரு விரலை எடுக்க வேண்டும். அதற்குமேல் எவரும் எதையும் எதிர்பார்ப்பதில்லை. அதிகம் பேசிப் பழகாத எனக்கு, இரண்டு ஆண்டுகளில் அந்த நாடு தந்தவற்றுள் மிகவும் பிடித்துப்போனது அந்த ஒற்றை விரல்தான். ஆனால் எங்கள் ஊரில் குட்டியானை கிறீச்சிட்டு நின்றது.

"எங்குட்டுத் தாயி போகணும்? ஏறு, ஏறு."

"எங்கயும் போகலண்ணே. சும்மா வணக்கம் வச்சேன்."

"ஒத்த விரல்லயா? மிச்ச நாலையும் ஏர்போர்ட்டுல வாங்கி வச்சுக்கிட்டாகளா?"

கருப்பையா அண்ணன் எங்கள் தோப்புத் தேங்காயைப் பல ஆண்டுகளாகச் சந்தைக்கு ஏற்றிச் செல்பவர். என்னை அடையாளம் கண்டதும் சிரிப்பு இன்னும் பெரிதானது. பிறகு, இறங்காமலேயே, அன்றைய நாளை அவர்தான் தொடங்கி வைத்தார். "அப்பாவுக்கு அந்த பீச்சுல ஓட்டுற நாலு சக்கர வண்டி தேடுறீகளாமே. வலையபட்டியில ஓட்டல் நடத்துற ஆச்சிகிட்ட ரெண்டு வண்டி விலைக்கு நிக்குது. அப்பாவைக் கிளப்பு. நானே கூட்டிட்டுப் போறேன்."

தேடியது உண்மை. அப்பாவுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை முடிந்து எட்டு மாதங்கள் ஆகியிருந்தன. எங்கள் தோப்புக்குச் செல்ல, கண்மாய்க் கரைமீது ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாகப் போக வேண்டும். மழைக்காலத்தில் அந்தக் கரை செம்மண் களியாக மாறிவிடும். ஐப்பசியில் அங்கேதான் மொபெட்டோடு சரிந்து விழுந்தார். சென்னையில் இருக்கும் அண்ணன் தொலைபேசியில் முடிவாகச் சொல்லிவிட்டான்: தை பிறப்பதற்குள் அப்பா ஒற்றை ஆளாகத் தோப்புக்குப் போய்த் திரும்ப வழி செய்யாவிட்டால், தோப்பைக் குத்தகைக்கு விட்டுவிட்டு அவரைச் சென்னைக்கு அழைத்துக்கொள்வான். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் சென்னை அடுக்ககத்தின் ஏழாவது மாடியில் அப்பா காலையில் எழுந்து எங்கே போவார்?

நான்கு சக்கரத்துக்கும் இஞ்சின் விசை போகும் ஏடிவி ஒன்றைத் தேடலாம் என்று சொன்னது நான். விடுமுறை தொடங்குவதற்கு முன்பே, விடுதி அறையில் அமர்ந்து, எடை, அகலம், இருக்கையின் உயரம், முன்சக்கர இழுப்பு உண்டா இல்லையா என்று ஒரு பட்டியல் எழுதினேன். நாங்கள் ஒதுக்கியிருந்தது மூன்று லட்சம். அந்த விலைக்குள் கிடைத்த புது வண்டிகளில் பெரும்பாலானவை பின்சக்கரம் மட்டும் இழுப்பவை. மணலில் குழந்தைகள் விளையாடப் போதும், களிமண்ணுக்கு ஆகாது. நான்கு சக்கர இழுப்புள்ள புது வண்டிகள் எங்களுக்கு எட்டாத உயரத்தில் இருந்தன. ஆகவே பழைய வண்டி; அதிலும் இலேசான வண்டி. இலேசு என்ற சொல்லை நான் இரண்டு முறை அடிக்கோடிட்டிருந்தேன்.

வலையபட்டியில் அந்த ஆச்சி, ஐம்பது வயதிருக்கும், தன் பெரிய வீட்டை ஓட்டலாக மாற்றி நடத்துபவர். தங்க வருகிறவர்கள் ஓட்டி விளையாட வாங்கிய இரண்டு வண்டிகளும் பின்கட்டில் நின்றன. ஒன்று பச்சை நிறத்தில், கீறல் இல்லாமல், மாப்பிள்ளை அழைப்புக்கு வந்ததைப் போல் மினுங்கியது. மற்றது சிறியது, சிவப்பு, உடம்பெல்லாம் கீறல். இரண்டிலும் நான்கு சக்கர இழுப்பு இருந்தது. விலையிலும் பெரிய வித்தியாசம் இல்லை. அப்பா நேராகப் பச்சை வண்டியிடம் போய், பின்னால் சாமான் வைக்கும் கம்பித் தாங்கியைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். அசையவில்லை. அவர் முகம் மலர்ந்தது.

"ஆச்சி, இது பொருளு."

"பின்னே? கனமுள்ள சாமான்தானே நிக்கும்? அந்தச் சிவப்பு வெறும் தகரம். வாரவுக எல்லாம் அதைத்தான் ஓட்டித் தேச்சுப்புட்டாக."

இவ்விடத்தில், செட்டிநாட்டுக்கு வெளியே பிறந்த வாசகர்களுக்கு ஒரு விளக்கம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் பொருளைக் கண்ணால் வாங்குவதில்லை, கையால் வாங்குகிறோம். பெண்ணுக்குச் சீர் வாங்கப் போகிறவர்கள் கடையில் உருளியைத் தூக்குவார்கள், குத்துவிளக்கைத் தூக்குவார்கள், கரண்டியைக்கூட உள்ளங்கையில் வைத்து ஆட்டிப் பார்ப்பார்கள். கை இறங்கினால் நல்ல சாமான். பர்மா தேக்குக் கதவைத் திறக்க இரண்டு கை வேண்டும் என்பது வீட்டுக்காரருக்குக் குறையன்று, பெருமை. இந்த அளவுகோல் எனக்குள்ளும் இருந்தது என்பதை நான் நியூசிலாந்துக்குப் போன முதல் வசந்தத்தில்தான் அறிந்தேன்.

விடுமுறை நாட்களில் நான் வேலை செய்யும் ஆட்டுப் பண்ணையின் உரிமையாளர் ஹெதர், அறுபத்திரண்டு வயதுப் பெண்மணி. முதல் நாள், கொட்டகையில் நின்ற மூன்று குவாட் பைக்குகளை, அங்கே ஏடிவிக்கு அதுதான் பெயர், காட்டி, விருப்பமானதை எடுத்துக்கொள் என்றார். நான் ஒவ்வொன்றையும் பின்னால் பிடித்துத் தூக்கிப் பார்த்தேன். அவர் வியப்போடு நோக்கியது நினைவிருக்கிறது. அசையாத ஒன்றை எடுத்துக்கொண்டு, மேட்டில் ஆடுகள் மேயும் பேடக்குக்கு, வேலியடைத்த புல்வெளிக்கு, போனேன். வழியிலிருந்த சிற்றோடையில் வண்டி புதைந்தது. ஒரு மணி நேரம் நடந்து, முழங்கால்வரை வரும் ரப்பர் கம்பூட்ஸ் நிறையத் தண்ணீரோடு திரும்பினேன். ஏன் அதை எடுத்தாய் என்று ஹெதர் கேட்டார். "கனமாக இருந்தது, அதனால்தான்" என்றேன். கனமாக இருந்தும் ஏன் எடுத்தாய் என்று மறுபடி கேட்டார். கனமாக இருந்ததால் என்று நானும் மறுபடி சொன்னேன். என் ஆங்கிலத்தில் பிழை என்று எண்ணிக்கொண்டு, அவர் மிகுந்த அன்போடு, கனம் என்றால் என்ன என்று எனக்கு விளக்கத் தொடங்கினார். மறுநாள் சிறிய வண்டியின் இஞ்சினை நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, என்னைத் தள்ளச் சொன்னார். அது நகர்ந்தது. "இதுதான் உன்னுடையது" என்றார்.

இதை அப்பாவிடம் ஆச்சியின் முன்னால் எப்படிச் சொல்வது? ஊருக்கெல்லாம் உருளி தேர்ந்து கொடுத்த கை அவருடையது. நான் தாழ்ந்த குரலில், "அப்பா, இஞ்சினை நிறுத்திட்டுத் தள்ளிப் பாருங்கப்பா" என்றேன்.

கருப்பையா அண்ணன் காதில் அது விழுந்துவிட்டது. "ஏன் தாயி, வண்டி வாங்குறது ஏறிப் போறதுக்கா, தள்ளிட்டுப் போறதுக்கா? ரெண்டு வருசம் இதைத்தான் படிச்சுக் குடுத்தாகளா?"

அப்பா சிரித்துவிட்டார். பச்சை வண்டியில் ஏறி, ஓட்டலுக்குப் பின்னாலிருந்த வெற்றுத் தரைக்கு ஓட்டினார். முந்தைய வாரத்து மழை அங்கே தேங்கி வற்றியிருந்தது. முப்பது அடி கம்பீரமாகப் போனது. பிறகு முன்சக்கரங்கள் இறங்கின. ஆக்சிலரேட்டரை அழுத்த அழுத்த வண்டி வயிறுவரை இறங்கியது. சமையல்காரர், தோட்டக்காரர், காவலாளி, கருப்பையா அண்ணன், நான் எல்லாரும் சேறு தெறிக்கத் தள்ளினோம்.

"வடத்தைக் கொண்டாங்கப்பா, தேர் நிலைக்கு வரமாட்டேங்குது!" என்று ஆச்சி படியில் நின்று சிரித்தார். தன் வண்டிதான் மாட்டிக்கொண்டது என்பதில் அவருக்கு எந்த வருத்தமும் இல்லை.

பச்சையை ஒருவழியாக வெளியே எடுத்த பின், சிவப்பு வண்டி. அதே இடத்தில் அதுவும் புதைந்தது. இதை நான் மறைக்கக் கூடாது. ஆனால் அரை சக்கரம்தான் இறங்கியது. நாங்கள் ஓடுவதற்குள் அப்பா கையைக் காட்டி நிறுத்தினார். இஞ்சினை அணைத்து, நியூட்ரலில் போட்டார். நல்ல காலை ஊன்றி இறங்கி, பின் தாங்கியைப் பிடித்து, முன்னும் பின்னும் இரண்டு முறை ஆட்டினார். மூன்றாம் ஆட்டில் வண்டி மேடேறி நின்றது. ஒருவரும் உதவவில்லை. அப்பா தன் கைகளைப் பார்த்துக்கொண்டு சிறிது நேரம் நின்றார். நான் முன்சக்கர அச்சின் ரப்பர் உறைகளைக் குனிந்து பார்ப்பதில் மும்முரமாக இருந்தேன். உறைகள் கிழியவில்லை. அப்போது அவரைப் பார்க்காமல் இருப்பதே முறை என்றும் தோன்றியது.

"ஆச்சி, இந்தத் தகரத்துக்கு என்ன சொல்றீக?" என்றார் அப்பா.

"கீறலுக்குக் கழிச்சுக்குவோம். ஆனா, நீங்க தள்ளுன அழகுக்குக் கூட்டிக்குவேன்!"

அன்று பிற்பகல் குட்டியானையில் ஏற்றிவந்து கண்மாய்க் கரையில் இறக்கினோம். அப்பா தனியாகப் போனார். நாற்பது நிமிடம் கழித்து, முன்னும் பின்னும் பன்னிரண்டு தேங்காயைக் கட்டிக்கொண்டு திரும்பினார். நான் எடுத்த காணொளியை அண்ணனுக்கு அனுப்பினேன். பிறகு ஒரே வரி வந்தது: "ஹெல்மெட் எங்கே?" குத்தகையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. எங்கள் வீட்டில் சம்மதம் அப்படித்தான் வரும்.

மறுநாள் காலை, வண்டியின் எரிபொருள் தொட்டிமேல் ஆங்கிலத்தில் ஒட்டியிருந்த எச்சரிக்கையை அப்பாவுக்காகத் தமிழில் எழுதினேன். மூன்று முறை திருத்திய பின், 'ஓட்டுபவர் தவிர எவரையும் ஏற்றக் கூடாது' என்ற வரி எனக்கு நிறைவளித்தது. அந்த விதியை மீறினால் நான் வேலை செய்யும் பண்ணையில் மறுநாள் வேலை இருக்காது. தாளை ஒட்டினேன். அப்பா தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக வாய்விட்டுப் படித்தார். பிறகு இருக்கையில் சற்று முன்னால் நகர்ந்து இடம் விட்டார்.

"ஏறாத்தா, தோப்புக்குப் போவோம்."

"ஏற்றக் கூடாதுன்னு போட்டிருக்குப்பா."

"அது ஊராருக்குப் போட்டது."

நான் ஏறவில்லை. அவரும் என்னை விட்டுவிட்டுப் போகவில்லை. கண்மாய்க் கரை முழுவதும் நடக்கும் வேகத்திலேயே, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு ஓட்டினார். நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சேறு ஆழமான இடங்களில் இடப்பக்கத் தடத்திலிருந்து வலப்பக்கத் தடத்துக்கும், வலப்பக்கத்திலிருந்து மறுபடி இடப்பக்கத்துக்கும் மாறி மாறி, அவர் பின்னால் தோப்புவரை நடந்தேன்.