என் பெயர் வைத்த செடி

எங்கள் தெருவில் மீன்தொட்டிச் செடி வளர்த்து விற்பவர்கள் நானும் அடுத்த வீட்டு ஸ்டெல்லாவும்தான். என்னிடம் கலப்பில்லாத வகைகள் மட்டுமே இருந்தன. அவளோ ஒரு செடியின் மகரந்தத்தை இன்னொன்றின் பூவில் தடவி, புதிதாக ஒரு சிவப்பிலைச் செடியையே உண்டாக்கிவிட்டாள். வாடிக்கையாளர்கள் என் வாசலைத் தாண்டி அங்கே போனார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

என் கணவருக்கு உப்பளத்தில் வேலை. வீட்டில் உப்புக்கா பஞ்சம்? ஸ்டெல்லா ஞாயிறு பூசைக்குப் போயிருந்தபோது, அவள் தொட்டியில் ஒரு படி உப்பைக் கொட்டினேன்.

நான்கே நாளில் செடிகள் அழுகின. மிஞ்சிய ஒரே சிவப்பிலைக் கன்றோடு என்னிடம் வந்தாள்.

“எங்க போர் தண்ணி உப்பாயிடுச்சு போலக்கா. இத உங்க தொட்டியில வச்சுக் காப்பாத்துங்க. பொழைச்சா உங்க பேரையே வச்சிடறேன்.”

பிழைத்துவிட்டது.

“இதுக்கு எங்க அக்கா பேரு” என்று அவள் அந்தச் செடியைக் காட்டும்போதெல்லாம், கையும் களவுமாகப் பிடிபட்டவள்போல் நிற்கிறேன்.